கும்பிட்ட கையும் குடைந்த பல்லும்

என் பயங்களில் முதலிடம் ட்ரில்லிங் மிஷினுக்குத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்து, நாளெல்லாம் இரும்பில் ஓட்டை போட்டுத்தான் நான் பிழைக்கிறேன். இரும்புக்கு நரம்பு கிடையாது என்ற தைரியம்தான்.

கல்யாணமான புதிதில் வலதுபக்கக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி என்னைப் படுத்தி எடுத்தது. கிராம்பு வைத்தேன், உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன், டாக்டரிடம் மட்டும் போகவில்லை. கன்னம் பன் மாதிரி வீங்கியதும் என் மனைவி கவிதா ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். (பின்சீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போன புதுமாப்பிள்ளையைத் தெருவே வேடிக்கை பார்த்தது.)

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தமும் ஓடுகிற சதை இருக்கிறதாம். அதில் கிருமி புகுந்து சீழ் வைத்துவிட்டதாம். மேலே திறந்து, வேர்வரை குடைந்து சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லையாம். கிட்டத்தட்ட நான் தினமும் செய்கிற வேலை. அதனால்தான் எனக்கு உதறல் எடுத்தது. சுற்றுகிற பிட் சில சமயம் ஒடிந்து ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பது எனக்கல்லவா தெரியும்!

"உங்க பிட்டு புதுசுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். "பயப்படாதீங்ணா. மரத்துப்போற ஊசி போட்டுத்தான் செய்யறோம். அப்பவும் வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திப்போடறேன்."

ஊசி போட்டார். சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்த எனக்கு உதடு தடித்தது. மிஷின் கிர்ரென்று ஆரம்பித்ததும் என் பட்டறைச் சத்தம் முழுவதும் என் மண்டைக்குள் கேட்டது. சட்டை நனைந்துவிட்டது. திடீரென்று ஆழத்தில் சுரீர் என்றது. கையைத் தூக்கினேன். ஆனால் பெரியவர்கள், வாத்தியார், கரண்ட் ஆபீஸ்காரர் என்று யாரைக் கண்டாலும் கும்பிட்டே பழகிய கை அது. இடது கை எழுந்ததும் வலது கை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நெஞ்சுக்கு நேராக, பயபக்தியோடு ஒரு கும்பிடு.

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாங்ணா," என்றபடி டாக்டர் குடைந்துகொண்டே இருந்தார்.

நான் இன்னும் அழுத்திக் கும்பிட்டேன். கண்ணில் நீர் வழிந்தது. ஓரமாக நின்ற கவிதாவுக்குத்தான் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"

கும்பிட்டபடியே தலையாட்டினேன். டாக்டர் பதறிப்போய் நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டார். அதற்கப்புறம் நிஜமாகவே வலிக்கவில்லை.

இன்னொரு நாள் வரச்சொல்லி வேரை அடைத்து முடித்தார். கிளம்பும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "நரம்பெடுத்த பல்லுங்ணா. வலி தெரியாது, ஆனா சீக்கிரம் ஒடைஞ்சிரும். அடுத்த வாரம் வந்து மேல மூடி மாதிரி கேப் போட்டுக்கோணும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கெட்டியா எதையும் கடிக்காதீங்க. பல்லு தேய்க்கறதை உட்டுப்போடாதீங்க. வேர் வரைக்கும் விரிசல் போச்சுன்னா புடுங்கத்தான் வேணும்."

வலி போனதும் எனக்குப் பல்லே மறந்துவிட்டது. அந்த நாற்காலி மட்டும் மறக்கவில்லை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டதில் ஆடி மாதம் வந்து, கோபிசெட்டிபாளையத்தில் மாமனார் வீட்டில் தலை ஆடி விருந்தும் வந்துவிட்டது.

மாமியார் நாட்டுக்கோழி வறுவலை இலையில் வைத்தார். இடது பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மென்றேன். மறுபடி கரண்டியோடு வந்தார்.

"போதுமுங்க அத்தை," என்று கும்பிட்டேன்.

எங்கள் பக்கத்தில் புதுமாப்பிள்ளை போதும் என்பது மரியாதைக்குச் சொல்வது. கும்பிட்டுச் சொன்னால் கூச்சப்படுகிறார் என்று இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். "கூச்சப்படாமச் சாப்புடுங்க மாப்பிள்ளை!" என்று வைத்தார். நான் கும்பிடக் கும்பிடக் கோழி வந்துகொண்டே இருந்தது. இந்த வயதிலேயே பல் போனவன் என்று சொல்லவும் வெட்கம், இலையில் மிச்சம் வைக்கவும் பயம். அவசர அவசரமாக மென்றதில் ஒரு எலும்பு வலது பக்கம் போய்விட்டது.

டக்.

வலிக்கவே இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. நாக்கால் தடவினேன். பல்லில் ஒரு பக்கத்தைக் காணோம்.

கோவை வந்து சேரும்வரை நாக்கை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. வேர் பிளந்திருக்குமோ, பிடுங்கிவிடுவார்களோ, இத்தனை பாடும் வீணோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல்பக்கந்தானுங்ணா போயிருக்கு. வேர் தப்பிச்சிருச்சு. இன்னைக்கே கேப்புக்கு அளவெடுத்துரலாம்," என்று சொல்லிவிட்டுக் கருவியை எடுத்தார்.

வாயைத் திறந்தபடியே மனதாரக் கும்பிட்டேன். கோயிலில்கூட அவ்வளவு உண்மையாகக் கும்பிட்டதில்லை. டாக்டர் சட்டென்று கருவியைக் கீழே வைத்தார்.

"ஐயோ, வலிக்குதுங்களாங்ணா?"

கவிதா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கேப் போட்ட பல் இன்றுவரை கெட்டியாக இருக்கிறது. என் கும்பிடுக்குத்தான் மரியாதை போய்விட்டது. போன வைகாசியில் மச்சினன் கல்யாணம். மண்டப வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கவிதாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"

எங்கள் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் தெரியாத பெண்வீட்டார்தான் பாவம், எனக்கு உடம்புக்கு முடியவில்லையாக்கும் என்று ஓடிப்போய் ஒரு சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க, கொஞ்சம் சாஞ்சுக்குங்க" என்றார்கள். நாற்காலியைப் பார்த்ததும் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.