பத்துத் தாளும் பதினான்கு உருப்படியும்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, குழாய் வேலை செய்யும் அவள் தம்பி, பக்கத்து வீட்டுத் தையற்காரர். பூனையும் இருந்தது. அது சாட்சி சொல்லாது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

சாட்சி எனக்குத் தேவைப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் உள்ள அடிபம்பு நான் போட்டது. தரைக்கு மேல் தெரியும் உருப்படிகள் பதினான்கு. பதினான்கையும் பூட்டியவன் நான். "அந்தத் தண்ணியில ஏதோ இருக்கு, பம்பை மூடுங்க" என்று ஆறு மாதமாக மனைவி சொல்லி வந்தாள். என் உயிர் உள்ளவரை நடக்காது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். மனதுக்குள்தான்.

மூன்று வாரத்துக்கு முன் மலிவாக ஒரு சோதனைப் பெட்டி வாங்கினேன். சட்டைப்பையில் அடங்கும். குப்பியில் தண்ணீர் ஊற்றி, பொடி போட்டு, மூடியில் ஒரு தாளைச் செருகிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தாள் வெள்ளையாகவே இருந்தால் நல்ல தண்ணீர். பழுப்பானால் ஆர்சனிக் என்ற நஞ்சு. தாள்கள் பத்து. இரண்டு முறை எண்ணி, சுத்தியல் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, மச்சான் வரும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

"தாள் நிறம் மாறினா பம்பை நானே மூடுறேன்."

"மாறலேன்னா அத்தான்?"

"உங்க அக்கா இனி பம்பைப் பத்திப் பேசக் கூடாது."

"சரிங்க" என்றாள் மனைவி. அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

சமையலறைக் குடத்திலிருந்து ஊற்றினேன். பத்து நிமிடம். தாள் என் தலைமுடியைவிட வெள்ளை.

"பாத்தியா? நம்ம பம்புத் தண்ணி ருசியே தனின்னு தினமும் சொல்றேனே."

"அது தையற்கார அண்ணன் வீட்டுக் குழாய்த் தண்ணிங்க. பம்புல நேரா புடிச்சுப் பாருங்க."

தையற்காரர் கூரையைப் பார்த்தார். "தினம் ரெண்டு குடம், அண்ணே. இருபது நாளா."

நான் அசரவில்லை. பம்பை அடித்துப் பிடித்து வந்தேன். "கை கழுவிட்டு வர்றேன் அத்தான்" என்று மச்சான் தன் பையோடு பின்பக்கம் போனான். நான் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பழுப்பு.

"ஒரு தாளை வெச்சு முடிவு பண்ண முடியாது" என்று பெட்டியைத் திறந்தேன். எட்டு இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தது.

"மூணு எங்கே?"

"ஒண்ணு பம்புக்கு, பழுப்பு. ஒண்ணு அண்ணன் வீட்டுக் குழாய்க்கு, வெள்ளை. ஒரு தாளை நீங்க நம்ப மாட்டீங்கன்னு, மூணாவது மறுபடி பம்புக்கு."

"ஏன் என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"மாட்டேன். இப்பவும் கேக்க மாட்டேன். எல்லார் முன்னாடியும் ஒரு டம்ளர் அடிச்சுக் குடிக்கிறேன், பாருங்க."

டம்ளரோடு எழுந்தேன். யாரும் தடுக்கவில்லை. அது கொஞ்சம் மனதை உறுத்தியது. திரும்பி வந்திருந்த மச்சான், கனத்த பையை மடியில் வைத்துக்கொண்டு பூனையைப் பார்த்தான்.

பம்பின் முன்னால் போய் நின்றேன். கைப்பிடிக்காகக் கையை உயர்த்தினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உருப்படிகளை எண்ணினேன்.

பதின்மூன்று.