வால்வ் செத்தால் கல்யாணம்

செத்துக் கிடந்த கருவியைத் தன் கையால் ஓடவைத்தவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்காது. அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருந்த எனக்கு வந்த தலைக்கனத்தை அளக்க எந்த மீட்டரிலும் இடம் இருந்திருக்காது.

எல்லாம் ஒரு வால்வ் டெஸ்டரால் வந்தது. ரேடியோவுக்குள் மினுங்கும் கண்ணாடிக் குழாய்தான் வால்வ். அது நல்லதா, போனதா என்று சொல்லும் பெட்டி டெஸ்டர். திருச்சியில் பழைய மிலிட்டரிச் சாமான் விற்கிறவரிடம் துருவேறிக் கிடந்ததை வாங்கி வந்தேன். திறந்தால் உள்ளே எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. தொட்ட வயரெல்லாம் அப்பளமாய் நொறுங்கியது. புது வயர் இழுத்து, மெழுகு வடிந்த கண்டன்ஸர்களை மாற்றி, கோணிய முள்ளை நிமிர்த்தி, ஒருநாள் நல்ல வால்வ் ஒன்றைச் செருகி சுவிட்சைப் போட்டேன். முள் விறுவிறுவென்று பச்சைக் கோட்டுக்கு ஏறியது. அழுதேவிட்டேன். (சிரிக்காதீங்க. பட்டவனுக்குத்தான் தெரியும்.)

அந்தச் சமயத்தில்தான் விராலிமலையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் காபி கொடுத்துவிட்டு, தன் தங்கையிடம் கேட்பதுபோல என் காதில் விழக் கேட்டாள்: "ரேடியோவுக்குள்ள எறும்பு போனா பாட்டு நின்னுருமாடி?" கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பாவோ முடிவு செய்யவில்லை. மெயின் ரோட்டில் காபிக் கடை வைத்திருந்தவர்; வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல் வாங்கமாட்டார். மாப்பிள்ளையை மட்டும் சும்மா வாங்கிவிடுவாரா?

விஜயதசமியன்று, தன் கடை ரேடியோவைத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். முந்தின நாள் ஆயுத பூஜை. டெஸ்டருக்கு நான் செய்த அலங்காரம் அம்மனுக்குக்கூட நடந்திருக்காது. வால்வ் செருகும் சாக்கெட்டைச் சுற்றி வழிய வழியச் சந்தனம், அதன் மேல் குங்குமம், போதாக்குறைக்குப் பன்னீர். விஜயதசமி காலை மறுபூஜையில் இன்னொரு தடவை.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றேன். (நிச்சயம்கூட ஆகவில்லை. வாய் முந்திக்கொண்டது.)

"கொஞ்சம் கரகரங்குது தம்பி. என்னான்னு பாருங்க."

புத்தியுள்ளவன் முதலில் ரேடியோவைப் போட்டுக் கேட்பான். நானோ டெஸ்டரைக் காட்டும் அவசரத்தில் பின்பலகையைக் கழற்றி, ஐந்து வால்வையும் பிடுங்கி வரிசையாக வைத்தேன். முதல் வால்வைச் செருகி சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். "இது போச்சுங்க." சுவிட்சை அணைத்து அடுத்ததைச் செருகிப் போட்டால், அதுவும் சிவப்பு. "இதுவும் போச்சு." ஐந்தாவதைச் செருகியபோது என் குரல் பெரிய டாக்டர் குரலாகியிருந்தது.

"அஞ்சும் அவுட்டுங்க. சொல்லவே சங்கடமாத்தான் இருக்கு."

"அஞ்சுமா?"

"அஞ்சுமே."

அவர் மெல்ல எழுந்தார். "காலையில இதுல செய்தி கேட்டுட்டுத்தான தம்பி பஸ் ஏறுனேன். இதுக்கு ஒரு நோவும் இல்லை. ஒங்களை டெஸ்ட் பண்ணத்தான் கொண்டாந்தேன். மாட்டிக் குடுங்க, நான் வாரேன்."

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து காபித் தம்ளரோடு வந்த என் ஆத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். கடை போனால் போகட்டும், அந்த எறும்புக் கேள்வி கேட்டவள் போய்விடுவாளே என்றுதான் எனக்குக் கவலை.

சுவிட்சை அணைக்க மறந்து, ஐந்தாவது வால்வை டெஸ்டரிலிருந்து உருவினேன். சிவப்பு விளக்கு அணையவில்லை.

வால்வே இல்லை, ஷார்ட் எங்கிருந்து வரும்? குனிந்து பார்த்தேன். ஈரச் சந்தனம் சாக்கெட் துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. கரண்ட் அதன் வழியே ஜாம்ஜாமென்று ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

"கெட்டது வால்வ் இல்லைங்க, என் டெஸ்டரு! கா மணி நேரம் இருங்க!" என்று கத்தினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாக்கெட்டைத் துடைக்கப் போனால், ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளும் கெழமையுமா சாமிக்கு வச்ச பொட்டை அழிப்பியாடா? வெளங்குமா?"

"பொட்டு இருந்தா எனக்குப் பொண்ணு இல்ல ஆத்தா!"

ஆத்தா ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் முந்தானையையே நீட்டினார். "நல்லா அழுத்தித் தொடைடா."

ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, துளை துளையாகச் சுத்தம் செய்தேன். நூறு வாட் பல்பைப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டேன். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு எரியவில்லை. நாலு வால்வும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையில் ஏறின. ஐந்தாவது மட்டும் பாதியில் மூச்சு வாங்கி நின்றது. எல்லாம் நன்று என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் டெஸ்டர் இப்போது உண்மை பேசுகிறதே, அதை எப்படி மறைப்பது?

"நாலு நல்லாருக்குங்க. இது மட்டும் கெழடு. தீவாளி தாண்டாது."

அவர் சிரித்தேவிட்டார். "அஞ்சுன்னீங்க, இப்ப ஒண்ணுங்கிறீங்க. சரி தம்பி, தீவாளிக்குள்ள இது செத்துச்சுன்னா எம் பொண்ணு ஒங்களுக்கு. சாகலைன்னா வேற எடம் பாத்துக்கங்க."

அப்புறம் நான் பட்ட பாடு! அடுத்தவன் ரேடியோ சீக்கிரம் சாகவேண்டும் என்று கோவில் கோவிலாகத் தேங்காய் உடைத்த மெக்கானிக் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். விராலிமலைப் பக்கமிருந்து யார் கடைக்கு வந்தாலும், "காபிக் கடையில பாட்டு கேக்குதா?" என்பேன். "கணீர்னு கேக்குதே" என்பார்கள், பாவிகள்.

தீபாவளிக்கு முந்தின நாள், கொட்டும் மழையில், துண்டில் கட்டிய ரேடியோவோடு அவர் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"மாப்ளே! செத்துருச்சு மாப்ளே! செய்தி வாசிக்கையிலேயே சத்தம் தேஞ்சு தேஞ்சு, கடையில இருந்த அம்புட்டுப் பேரும் பெட்டியில காதை ஒட்டவச்சுட்டாய்ங்க!"

அந்த வால்வை டெஸ்டரில் வைத்தேன். முள் அசையக்கூட இல்லை. புது வால்வ் போட்டதும் ரேடியோவில் நாகஸ்வரம் முழங்கியது. நான் உள்ளே ஓடி ஆத்தாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினேன்.

தை மாதம் கல்யாணம். அன்றிலிருந்து, யார் எதைக் குறை சொன்னாலும் "மொதல்ல டெஸ்டரைப் பாரு" என்பது எங்கள் வீட்டு வேதவாக்காகிவிட்டது. பரீட்சையில் கோட்டைவிட்ட என் மகன்கூட, "வாத்தியாரை டெஸ்ட் பண்ணீங்களாப்பா?" என்று கேட்டான். நேற்று, குழம்பில் உப்புக் குறைவு என்றேன். என் மனைவி நிமிரக்கூட இல்லை. "மொதல்ல டெஸ்டரைப் பாருங்க" என்றாள்.

எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மறுபடி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்புக் குறைவுதான். பேசாமல் சாப்பிட்டு முடித்தேன்.