மணிக்கூண்டு மேல் படையெடுத்த மாவீரர்

வாழ்க, கூர்முனைப் பென்சிற்கோமான்! வாழ்க, அளவுகோல் ஏந்திய அண்ணல்! முப்பத்தாறு ஆண்டுகள் அரசுக் கட்டட அலுவலகத்தில் அமர்ந்து, கழிவறைச் சுவர்களுக்கே கண்ணுங்கருத்துமாய்ப் பிளான் வரைந்து, ஓய்வுபெற்ற பின்னும் ஓயாத உத்தமராம் ‘ஸ்கேல் சார்’ புகழ் ஓங்குக!

நூற்றாண்டு கடந்த நகர மண்டபத்தைப் பென்சிலால் வரைந்து மாலை ஐந்துக்குள் தருவோரில் ஒரே ஒருவர் படம் அம்மண்டப வாசற்சுவரில் மாட்டப்படும் என்று அறிவிப்பு வந்ததுதான் தாமதம், அந்தச் சுவர் தமக்கே என்று சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டு முழங்கிவிட்டு, மடக்கு நாற்காலியைத் தேரென நிறுத்தி எதிர் நடைபாதையில் பாசறை அமைத்தார் நம் தலைவர். பக்கத்திலேயே பகைவர்: ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், நம்மவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் சம்பந்தி.

அவரோ முதற்காரியமாகக் கட்டடம் முழுவதையும் நாலே கோட்டில் கிறுக்கி வைத்தார். கண்டார் வேந்தர், கடைவாய் கோணிற்று.

“என்ன சம்பந்தி, கோழி கிளறின மாதிரி இருக்கு? நாங்கல்லாம் கட்டடத்துல ஒரு அடின்னா தாள்ல ஒரு நூல்னு அளந்து போடற ஆளுங்க!”

“போடுங்க, போடுங்க. தாள் பத்துமான்னு மட்டும் பாத்துக்கோங்க.”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்!”

தெரியாது. அலுவலகத்தில் தாள் சுருளாக வரும். தீரத் தீர இழுத்துக்கொள்ளலாம். ஆயுளில் ஒருநாளும் தாளின் விளிம்பைக் கண்டறியாத அவ்வீரர், அடிப்படிக்கட்டில் போர் தொடங்கி, செங்கல் செங்கலாய் வெட்டிச் சாய்த்து, நாற்பத்திரண்டு ஜன்னல்களையும் கம்பியெண்ண வைத்து, தூண்வரிசையைத் துவம்சம் செய்து, பென்சில் சீவல் மலையெனக் குவிய, மதவேழமென மேலேறி மேலேறி, நாலரை மணிக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை வென்று நிமிர்ந்தபோது, ஊருக்கே அடையாளமான மண்டபத்து மணிக்கூண்டு அதற்கும் மேலே இன்னும் அறுபதடி உயரத்துக்கு எதிரே நின்றது. தாளில் மிச்சமோ இரண்டு விரற்கடை.

தண்ணீர் பாட்டிலோடு வந்த மனைவியார் குனிந்து பார்த்தார். “ஏங்க, தலையையே காணோமே?”

“நீ சும்மா இரு! அந்தக் கூண்டை இதுக்குள்ள அடைக்கலைன்னா நான் ஸ்கேலைத் தொடறதையே விட்டுடறேன்!” என்று இடியென ஆர்ப்பரித்து, ரப்பரை உடைவாளென உருவி, மேல்மாடியை அழித்தார், கீழ்மாடியை அழித்தார், தாள் திரிதிரியாய் உருண்டு பொத்தலாகும்வரை அழித்தார். அழித்த தாளைத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பொத்தலுக்குள், அளவு பிசகாமல், அசல் மணிக்கூண்டு தெரிந்தது, ஐந்து அடித்தது.

தேர்வான தம் படத்தை வாசலில் மாட்ட சம்பந்தி ஸ்டூலில் ஏறினார், அது ஆடாமல் ஸ்கேல் சார் பிடித்துக்கொண்டார்.