துருப்பிரியர்

இரும்பைப் பார்த்ததும் தட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு இனம். அவர்களை நம்பித்தான் நாற்பது வருஷமாக நான் பிழைக்கிறேன். இரும்பில் ஏறிய துருவைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடி நிற்கிறவர்கள் இன்னொரு இனம். அவர்களுக்குத் துருப்பிரியர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் பெயர் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். புதுக்கோட்டையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை என்னுடையது. என் கை பட்ட பாடிகள் அஸ்ஸாம் வரைக்கும் ஓடுகின்றன. அந்தத் தகுதி போதும்.

துருப்பிரியரை அடையாளம் காண்பது சுலபம். கைத்தறிச் சட்டை போட்டிருப்பார், ஓட்டை அண்டாவைப் பார்த்தால் "அடடா" என்பார், கீல் கழன்ற கதவைப் பார்த்தால் "அடடடா" என்பார், பானைத் தண்ணீரின் பெருமையை அரை மணி நேரம் பேசிவிட்டுக் காரில் ஏறிப் பாட்டில் தண்ணீர் குடிப்பார், வாய்க்கு வாய் "ஒரிஜினல்" என்பார். அப்படி ஒரு ஒரிஜினல் வீட்டில் ஒரு ராத்திரி படுக்கச் சொல்லுங்கள். கொசு கடிக்குமாம்.

என்னிடம் வந்து சேர்ந்தவர் கோபிநாத். இலுப்பூரில் பிறந்து, சென்னையில் பெரிய சம்பளம் வாங்குகிறவர். திருமயம் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் ஒரு ஓட்டல்காரர், சுற்றுலா வருகிறவர்களுக்காக மூன்று கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டு, ஏலத்தில் எடுத்த பழைய கூட்ஸ் வேகனில் ஆளை ஏற்றி ஓட்ட நினைத்தார். அவருக்கு யோசனை சொல்கிறவர் இந்த கோபிநாத். ஜன்னல் வெட்டி பெஞ்சு பொருத்துவது என் வேலை. எட்டு ஜன்னல், ஒரு நூல் பிசகவில்லை. எந்த இன்ஜினியரையும் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். துருவையெல்லாம் சுரண்டி, பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தினேன். வந்து பார்த்தவர் நெஞ்சில் கையை வைத்தார்.

"ஐயா, அம்பது வருஷத் துருங்க! கொன்னுட்டீங்களே!"

"துருதான தம்பி? மழையில போட்டு வைங்க, ஒரு வாரத்துல வந்துரும்."

கேட்பாரா? துரு மாதிரியே தெரிய மறுபடி பெயின்ட் அடிக்கச் சொன்னார். அடித்தேன். நிஜத் துருவே வெட்கப்படும். ஆனால் கதவோரம் அவர் உட்காருகிற இடத்துக்கு மட்டும் மெத்தையும் ஃபேனும் கேட்டார். அவருக்கு முதுகு ஒரிஜினல் இல்லை போலிருக்கிறது.

பிறகுதான் உள்சுவரில் கோடு கோடாக இருந்த வெள்ளைக் கறைகளைக் கண்டுபிடித்தார். "தொழிலாளிங்களோட ரகசியக் குறியீடுங்க ஐயா!" என்று இருபது போட்டோ எடுத்து, நான் பொருத்திய ஒரு பெஞ்சைப் பிடுங்கச் செய்து, கறைகளின் மேல் கண்ணாடி மாட்டி, முன்னால் கயிறும் கட்டினார்.

அந்த பெஞ்சைத்தான் நான் செங்கமலத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது என் பட்டறையைக் கூட்டுகிறவர். அதற்கு முன்னால் இருபது வருஷம் கூட்ஸ் வேகனுக்குள் சிந்திய கடலையைக் கூட்டி, கிழிந்த மூட்டைகளுக்கு வாய் தைத்தவர். "எத்தனையோ வண்டிய அனுப்பி விட்டுட்டு நின்னு பாத்திருக்கேண்ணே. ஒரு தடவையாச்சும் உக்காந்து போகணும்" என்று கேட்டார். முதல் ஓட்டத்திலேயே உட்கார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குத் தவறியதில்லை.

முதல் ஓட்டத்தன்றைக்குச் சின்னாளப்பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். மற்ற பெஞ்சுகளெல்லாம் நிறைந்துவிட்டன.

"அண்ணே, என் எடம் எங்கிட்டு?"

கண்ணாடியைக் காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கா கண்ணாடி போட்டிருக்கீங்க? வெத்தலை போட்டுட்டு வெரல்ல மிஞ்சுன சுண்ணாம்பத் தடவுனதுல்ல இது! நானும்தான் தடவியிருப்பேன்."

வேறு யாராயிருந்தாலும் கூசிப் போயிருப்பார்கள். துருப்பிரியரைக் கூச வைக்க முடியுமா? கோபிநாத் முகம் மலர்ந்து விட்டது.

"ஆத்தா! நீங்கதான் வாழும் வரலாறு! தெனமும் வாங்க. இந்தக் கயித்துக்கிட்ட நின்னு வெத்தலை போடுங்க, வர்றவங்க பாக்கட்டும்."

"நின்னுக்கிட்டேவா? எனக்கு முட்டி வலி தம்பி."

"நின்னாத்தான் ஆத்தா இயல்பா இருக்கும்."

செங்கமலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். நேரே கதவோரம் போய், மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்ப நீங்க அங்கிட்டு நில்லுங்க தம்பி. ஒங்களுக்கும் இயல்பாத்தான் இருக்கும்."

வண்டி கிளம்பிவிட்டது. போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர், கயிற்றைப் பிடித்தபடியே நின்றார் கோபிநாத். பயணிகள் அவரையும் படம் எடுத்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஹாலில் ஒரு ஆட்டுக்கல்லைக் கழுவி, குழியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருக்கிறீர்களே, அதில் தினமும் மாவாட்டிய அம்மாள் நாளைக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், அதே ஹாலில் எந்த நாற்காலியைக் காட்டுவீர்கள்?

யோசிக்கிறீர்களா?

யோசித்தாலே நீங்கள் அந்த இனம்தான்.