மாமனார் பெயர் வெட்டிய குக்கர்

எங்கள் வீட்டில் குக்கரைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. விசில் வந்தால் அடுப்பை அணைக்கலாம், அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தச் சட்டத்தில் திருத்தம் வரவில்லை. தப்பு என்னுடையது என்பதால் நானும் கேட்பதில்லை.

அப்போது பூந்தமல்லியில் குடியிருந்தோம். நான் லாரி கம்பெனியில் பில் எழுதும் குமாஸ்தா. மாமனார் ஏகாம்பரம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆடுகிற நாற்காலி, சொட்டுகிற குழாய் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். பிறகு என் கைகளைப் பார்ப்பார். "மாப்ள கை பூ மாதிரி கீது" என்று ஒருநாள் என் மனைவி கோமளாவிடம் சொன்னார். (அவர் சொன்னதைவிட இவள் சிரித்ததுதான் எனக்கு வலித்தது.)

அவர் ரிடையராகப் போகிறார் என்று தெரிந்ததும், என் கையாலேயே ஒரு பேனா செய்து அவர் சட்டைப் பையில் சொருகிவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

நசரத்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பன் டில்லி, ஃபைபர் வேலைக்கு ஊற்றும் ரெசினைக் கொஞ்சம் கொடுத்தான். ஹார்ட்னர் கலந்து குழாயில் ஊற்றினால் இறுகிக் கோலாகும். அதை லேத்தில் கடைந்தால் பேனா. நீல நிறம் கலந்து ஊற்றினேன். வந்த கோலில் எங்கே பார்த்தாலும் குமிழி.

"இன்னா மச்சான், பேனா பண்றேன்னு ஆப்பம் சுட்டுக்கினு வந்துகீறே?" என்றான் டில்லி. "காத்தடிச்சு ப்ரஷர்ல வெச்சாதான் குமிழி நசுங்கும். அதுக்குன்னு தனி டேங்க் கீது. நம்ம கைல ஏது?"

உன்னிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். மாமனார் சீராகக் கொடுத்த குக்கர். மூடியில் 'அன்பளிப்பு: கி. ஏகாம்பரம்' என்று பெயர் வெட்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோமளா கறி வாங்கப் போனாள். மதியம் மாமனார் சாப்பிட வருகிறார். அதற்குள் வேலையை முடித்துக் குக்கரைக் கழுவி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். (கழுவினால் போய்விடும் என்று நினைத்த மகா மேதை நான்!) ரெசின் ஊற்றிய மூன்று குழாய்த் துண்டுகளை உள்ளே நிறுத்தி மூடினேன். வெயிட்டை எடுத்துவிட்டு, அது உட்காரும் மூக்கில் ரப்பர் டியூபை மாட்டிக் கம்பியால் கட்டினேன். மறுமுனையில் சைக்கிள் டியூபின் வால்வு. பிறகு பம்பை எடுத்து நாற்பது அடி அடித்தேன். ஒரு பொட்டுக் காற்றுகூட வெளியே வரவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வாசலில் பேச்சுக் குரல். கோமளா சீக்கிரமே திரும்பிவிட்டாள், கூடவே மாமனாரும். பதறிப்போய்க் குக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நிமிர்த்தி வைக்க உயரம் போதவில்லை, படுக்க வைத்தேன். உள்ளே இருப்பது இன்னும் இறுகவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

கோமளா ஒரு மணி நேரம் குக்கரைத் தேடினாள். நானும் கூடவே தேடினேன், பீரோவுக்குப் பின்னால்கூட. காட்டிக்கொடுத்தது டியூப். கட்டிலுக்கு வெளியே அது நீட்டிக்கொண்டிருந்ததை மாமனார் பார்த்துவிட்டார்.

"இன்னா மாப்ள, உங்க ஊட்ல கட்டிலுக்கும் காத்தடிக்கிறீங்களா?"

இழுத்தார். குக்கரும் வந்தது. கம்பியை அவிழ்த்ததும் புஸ்ஸென்று சத்தம். வீடு முழுக்கப் பெயிண்ட் நாற்றம். "ஐயோ நைனா!" என்று கோமளா அலறினாள். மூடி மட்டும் அசையவில்லை. ரெசின் வழிந்து, மூடியையும் கேஸ்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறுகியிருந்தது.

"உங்களுக்கு ஒரு பேனா பண்ணலாம்னு…" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் கேட்டார். வெகுநேரம் தட்டித் தட்டிக் கடைசியில் மூடியைப் பெயர்த்தார். உள்ளே ஒரே நீலம். இரண்டு குழாய்கள் காலி. மூன்றாவதில் நான் ஹார்ட்னரைக் கூடுதலாக விட்டிருந்ததால் அது முன்பே இறுகியிருந்தது. குழாயைப் பிளந்து கோலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோமளா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் இன்றோடு போயிற்று என்று தலைகுனிந்து நின்றேன்.

"குமிழியே இல்லியே மாப்ள!" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்துக் குக்கர்களை நாசம் செய்ய நான் தயாராக இருந்தேன். (கோமளாவிடம் சொல்லவில்லை.) டில்லி கடைந்து கொடுத்த அந்தப் பேனாவால்தான் மாமனார் வேலையின் கடைசி நாளன்று கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு வெறும் சட்டைப் பையோடு அவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த தீபாவளிக்குப் புதுக் குக்கர் கொண்டுவந்தார். மூடியில் அவர் பெயர் இல்லை. 'சமையலுக்கு மட்டும்' என்று வெட்டியிருந்தது.

எங்கள் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கப் போனபோது, வரப்போகும் மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். குக்கரைக் கையில் எடுத்த கடைக்காரர், "இன்னா பேரு வெட்டணும் சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கோமளாவும் மகளும் ஒரே குரலில், "சமையலுக்கு மட்டும்!" என்றார்கள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

நான் மெதுவாக அவர் கைகளைப் பார்த்தேன். பூ மாதிரிதான் இருந்தன.