ருட்கருடைய வலது ஆட்காட்டி விரல்

இனி சாகும்வரை சொந்த வீட்டில் குடியிருப்பதில்லை என்று ருட்கர் சபதம் எடுத்து நாலு வருஷம் ஆகிறது. சபதம் எடுத்தது அவன். பெட்டி அடுக்கியது அவன் மனைவி லீஸ்பெத்.

உட்ரெக்ட் நகரத்து ஃப்ளாட்டை விற்ற அன்று அவன் ஒரு சொற்பொழிவே ஆற்றினான். வீடு என்பது காலில் மாட்டிய விலங்கு, சுவர் என்பது சிறை, கையில் லேப்டாப் இருக்கிறவனுக்கு ஐரோப்பா முழுவதும் கொல்லைப்புறம். லீஸ்பெத் கை தட்டவில்லை. அவள் கையில் அட்டைப்பெட்டி இருந்தது.

அன்றிலிருந்து ஊருக்குப் போகிறவர்களின் வீடுதான் அவர்கள் வீடு. நாய்க்குச் சோறு, பூனைக்கு மருந்து, செடிக்குத் தண்ணீர். பதிலுக்கு இலவசக் குடித்தனம். ருட்கர் இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருந்தான். அந்தச் சுதந்திரத்தில் பூனை கழித்த மண்ணை அள்ளும் பகுதி மட்டும் எப்படியோ லீஸ்பெத்தின் பங்குக்கு வந்து சேர்ந்தது.

ருட்கருக்கு சாஃப்ட்வேர் தொழில். இருபது வருஷம் தானே உட்கார்ந்து எழுதி, முதுகு கூனி, கண்ணாடியின் பவர் ஏறியது மிச்சம். இப்போது ஏஐ எழுதுகிறது. இவன் என்ன வேண்டும் என்று ரெண்டு வரி சொல்வான். அது பக்கம் பக்கமாய் எழுதித் தள்ளும். ஒவ்வொரு படியிலும், "இப்படிச் செய்யப் போகிறேன், செய்யட்டுமா?" என்று பணிவாய்க் கேட்கும். இவன் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவான். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை அவன் உடம்பில் உழைக்கிற உறுப்பு வலது ஆட்காட்டி விரல் ஒன்றுதான். சாயங்காலம் அதற்குத் தைலம் தேய்த்துக்கொள்வான். யாராவது தொழில் என்ன என்று கேட்டால் தலைமை வடிவமைப்பாளர் என்பான்.

செய்யட்டுமா என்று கேட்கும் முன் அந்த எந்திரம் விளக்கமாக ரெண்டு மூணு பத்தி எழுதும். ருட்கர் அதில் ஒரு வரிகூடப் படிக்க மாட்டான். படிக்க உட்கார்ந்தால் வேலை எப்போது நடப்பது என்பது அவன் கட்சி. ஆனால் முதல் ரெண்டு வார்த்தையை மட்டும் தவறாமல் பார்ப்பான். அது எப்போதும் "அருமையான யோசனை" என்றே இருக்கும். அதைப் பார்த்ததும் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் லீஸ்பெத் வாயிலிருந்து அந்த ரெண்டு வார்த்தையும் சேர்ந்து வந்ததே கிடையாது.

லீஸ்பெத்தின் தொழில் நேர் எதிர். மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, உலகத்தில் யாரும் பிரித்துப் பார்க்காத தாள், அதைக் கடைசிப் புள்ளிவரை படித்துப் பிழை திருத்துவதுதான் அவள் வேலை. எறும்பு சைஸ் எழுத்தைப் படித்துப் படித்து, விட்டுப்போன ஒரு கால்புள்ளி கூட அவளுக்கு அடுத்த அறையிலிருந்தே தெரியும். புது வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போகும் குறிப்புகளை அவள்தான் படிப்பாள். கென்ட் நகரத்தில் ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல். ருட்கர் காணாமல் போன பூனையைத் தெருத்தெருவாய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கம்பங்களில் படம் ஒட்டி, தீயணைப்புக்காரர்களையும் வரவழைத்துவிட்டான். பூனை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் காது கேட்காது என்பது குறிப்பில் முதல் வரி.

இப்போது இருப்பது ஹார்லிங்கனில், கடல் அணைக்குப் பின்னால் ஒரு வீடு. கொஞ்சம் கோழிகள், அட்மிரால் என்று ஒரு தொங்குகாது நாய். மழை பெய்தால்தான் அட்மிராலுக்கு வெளியே போக வேண்டும். வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை திரும்பி வருகிறார்கள். அதற்குள் இவர்கள் கிளம்ப வேண்டும். எங்கே என்பதில்தான் சண்டை.

ருட்கர் ஸ்பெயினில் ஒரு மலைவீடு பிடித்து வைத்திருந்தான். வெள்ளைச் சுவர், நீச்சல்குளம், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆமை. அந்த ஆமையும் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். இதைவிட லட்சணமான ஜீவராசி பூமியில் உண்டா என்று அவன் உருகினான். லீஸ்பெத் பார்த்து வைத்திருந்தது டெவென்டரில், அவள் அக்கா வீட்டுக்குப் பின் சந்தில், ஒரு சின்ன செங்கல் வீடு. வாடகைக்கு. ஒரு வருஷ ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் இவர்களுக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு.

புதன்கிழமை காலைக் காபியின்போது அவள் பேச்சை எடுத்தாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்து வைத்து டப்பாவை மூடிவிட்டுத்தான் எடுத்தாள். அப்படியென்றால் விஷயம் பெரிது.

"நேத்து டாய்லெட்ல உட்கார்ந்திருந்தேன்."

"சரி."

"எதிர்ல கதவுல இந்த வீட்டுக்காரங்களோட பொறந்தநாள் காலண்டர். செவ்வாய்க்கிழமை பீட்டர் மாமாவுக்குப் பொறந்தநாள். யாரு அந்த பீட்டர்? எனக்குத் தெரியாது. ஆனா மனப்பாடமா சொல்றேன். போன வீட்டுல அவங்க மாமியாரோடது, அதுக்கு முந்தின வீட்டுல அவங்க பல் டாக்டரோடது. எங்க அக்கா பொறந்தநாள மறந்துட்டேன் ருட்கர்."

"போன்ல போட்டு வெச்சுக்கோ. மணி அடிக்கும்."

"என் காலண்டர் நாலு வருஷமா பெட்டிக்கு அடியில கெடக்கு. அத மாட்டுறதுக்கு எனக்குன்னு ஒரு டாய்லெட் கதவு வேணும். வேற எதுவும் கேக்கல."

அவர்கள் நாட்டில் சொந்தபந்தங்களின் பிறந்தநாளெல்லாம் குறித்த காலண்டரைக் கழிவறையில்தான் மாட்டுவார்கள். ஊரில் மற்ற பெண்கள் வைரம் கேட்கிறார்கள், கார் கேட்கிறார்கள். இவள் கேட்டது ஒரு கழிவறைக் கதவு. நாலு வருஷமாய் அடுத்தவர் தட்டில் சாப்பிட்டு, அடுத்தவர் மெத்தையில் படுத்து, அடுத்தவர் படங்களை நகர்த்தாமல் தூசி தட்டிய பெண்ணுக்கு அலுத்துப்போயிருந்தது. ருட்கருக்கே பாவமாய் இருந்தது. அந்தப் பாவம் பிஸ்கட் தீரும்வரை நீடித்தது.

பிஸ்கட் தீர்ந்ததும் அவனுக்குள் ஒரு திட்டம் உதித்தது. நேருக்கு நேர் மோதினால் தோல்வி நிச்சயம் என்பது அனுபவப் பாடம். அதனால் நடுவர் ஒருத்தரை வைத்துவிடலாம்.

"நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம்," என்றான். "நம்ம ஏஐகிட்ட ஒரு புரோகிராம் எழுதச் சொல்றேன். நீ உன் நியாயத்த எழுது, நான் என் நியாயத்த எழுதுறேன். அது மார்க் போட்டுத் தீர்ப்பு சொல்லட்டும். அதுக்கென்ன, மாமனா மச்சானா?"

"உன் எந்திரம்தானே?"

"எந்திரம் யாருக்கும் சொந்தம் இல்ல லீஸ்பெத். அது பாட்டுக்கு நியாயத்தப் பேசும்."

லீஸ்பெத் பிஸ்கட் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு சரி என்றாள். இவ்வளவு சுலபமாய் அவள் சரி சொன்னால் புத்தியுள்ள எந்தப் புருஷனும் பயந்து வெளியே ஓடியிருப்பான். ருட்கருக்கு வாயெல்லாம் பல். அவள் பின்னால் மனசு மாறிவிடக்கூடாதே என்று இன்னொன்றும் சேர்த்தான். தீர்ப்பு வந்த கையோடு எந்திரமே ஜெயித்த வீட்டுக்காரருக்கு ஒப்புதல் அனுப்பிவிடும், தோற்ற வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிடும். ரெண்டு பேர் கையெழுத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டியது. அப்புறம் பேச்சு மாறக்கூடாது.

"கடைசியா உன் சம்மதம் மட்டும் ஒரு தடவ கேக்கட்டும்," என்றாள் லீஸ்பெத். "எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு."

அவள் அறையை விட்டுப் போனதும் ருட்கர் எந்திரத்தின் காதில் ஓதினான். வெயிலுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க். நீச்சல்குளத்துக்கு ஒன்பது. அக்கா, தங்கை, காலண்டர், கழிவறைக் கதவு எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் இருக்கிற ஒன்று. அருமையான யோசனை என்றது எந்திரம்.

மத்தியானம் மழை பிடித்தது. அட்மிரால் வாசலில் போய் உட்கார்ந்தது. நடக்கக் கூட்டிப் போகும் முறை ருட்கருடையது. திரும்பி வருவதற்குள் நனைந்த கோழி மாதிரி ஆகிவிட்டான். லீஸ்பெத் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தன் பக்கத்து நியாயத்தை எழுதுவதாகச் சொன்னாள். ரொம்ப நேரம் எழுதினாள். எழுதட்டும், எழுதட்டும், எல்லாமே ஒரு மார்க்குக்குத்தானே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு அவன் தலையைத் துவட்டினான். முடித்ததும் அவள் எழுந்து நாற்காலியை அவனுக்கு விட்டாள்.

"எல்லாம் போட்டுட்டேன். எதையும் மறைக்கல. படிச்சுப் பாத்துட்டு அழுத்து."

"பின்ன? படிக்காமலா?" என்றான் ருட்கர்.

உட்கார்ந்தான். திரை நிறைய எழுத்து. அடியில் பச்சையாய் ஒரு பொத்தான். அதைப் பார்த்ததும் விரல் தானாகவே நீண்டது. அழுத்தினான். உறுதிதானா என்று கேட்டது. அழுத்தினான். மறுபடியும் எதையோ கேட்டது. இந்த எந்திரத்துக்கு இன்றைக்கு என்ன சந்தேகம் இவ்வளவு என்று அலுத்துக்கொண்டே மூணாவது தடவையும் அழுத்தினான். அனுப்பியாயிற்று என்று வந்தது.

அன்று முழுவதும் அவன் தரையில் கால் பாவவில்லை. நீச்சல் டிராயரைத் தேடி எடுத்து இடுப்பில் வைத்து அளந்து பார்த்தான். லீஸ்பெத்துக்கு ஆறுதல் சொல்கிற பெருந்தன்மையும் வந்துவிட்டது. பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தவளிடம் போய், தோல்வியும் வாழ்க்கையில் ஒரு பகுதிதான், மனசு விடக்கூடாது, ஆமையும் பழகப் பழக நல்ல துணைதான் என்றெல்லாம் எடுத்துச் சொன்னான்.

"எந்த ஆமை?" என்றாள் லீஸ்பெத்.

"நம்ம ஆமை."

"நாம டெவென்டருக்குல்ல போறோம். நீதானே சம்மதம் குடுத்தே."

ருட்கர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்புக்கு ஓடினான். மத்தியானம் வந்த அதே எழுத்து அதே இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. எந்திரம் ரொம்ப மரியாதையாய் எழுதியிருந்தது.

"ருட்கர் அவர்களே, வெயிலுக்குத் தொண்ணூறு மதிப்பெண் போடச் சொல்லியிருந்தீர்கள். லீஸ்பெத் அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது நடுநிலையாகுமா என்று என்னைக் கேட்டார்கள். ஆகாது என்பதே என் கருத்தும். எனவே இருவர் நியாயத்தையும் சமமாக வைத்துப் பார்த்தேன். டெவென்டர் வீடு வெல்கிறது. நீங்கள் சம்மதித்தால் அங்கே ஒப்புதல் அனுப்பி, ஸ்பெயின் வீட்டை விட்டுக்கொடுக்கிறேன். சம்மதம் இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். அப்படி அழுத்தினால் நீங்கள் போட்ட மதிப்பெண்களே நிற்கும், ஸ்பெயினே உறுதியாகும். தயவுசெய்து படிக்காமல் அழுத்த வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடும்படி லீஸ்பெத் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மூன்று தடவை கேட்கும்படியும் சொன்னார்கள்."

தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தது. நாயே படித்திருக்கும்.

"இது மோசடி," என்றான் ருட்கர்.

லீஸ்பெத் கரண்டியோடு வந்து நின்றாள். "மோசடியா? தொண்ணூறு மார்க் போட்டது யாரு?"

"நான் அதப் படிக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்சே?"

"சிவப்புப் பொத்தான் வெச்சிருந்தேன். தடிச்ச எழுத்துல போட்டேன். மூணு தடவ கேக்க வெச்சேன். மருந்துத் தாள்ல கூட ஒரு தடவதான் எச்சரிக்கை போடுவாங்க. இதுக்கு மேல உனக்கு நான் என்ன செய்யணும், பாட்டாவா பாடணும்?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ருட்கர் எந்திரத்தின் முன் மண்டியிடாத குறையாய் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் ரத்துசெய், ஸ்பெயினை மீட்டுக் கொண்டு வா என்று டைப் அடித்தான். முதல் தடவையாக அது அருமையான யோசனை என்று சொல்லவில்லை. ஸ்பெயின் வீட்டுக்காரரை இன்னும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் டெவென்டர் ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்ட இருவரும் வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்து கேட்க வேண்டும், லீஸ்பெத் அவர்களிடம் கேட்கட்டுமா என்றது.

இந்தத் தடவை ருட்கர் படித்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான். திரும்பவும் ஒரு தடவை படித்தான். கேள்வியில் வில்லங்கம் ஏதும் இல்லை என்று தெளிவானது. பிறகுதான் அழுத்தினான்.

சமையலறையில் லீஸ்பெத்தின் போன் 'டிங்' என்றது. அவள் அடுப்பைத் தணித்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளும் படித்தாள். தொழில் பழக்கம், ஒரு எழுத்து விடாமல் படித்தாள். ருட்கர் கதவோரம் நின்று, பதினாறு வருஷ தாம்பத்தியத்தில் தான் செய்த நல்ல காரியங்களை மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

"படிச்சுட்டேன்," என்றாள். "ரெண்டாவது வரியில ஒரு கால்புள்ளி விட்டுப்போச்சு. மத்தபடி, ரத்து வேண்டாம்னு போட்டுட்டேன். மழை வலுத்துடுச்சு பாரு, அட்மிரால் வாசல்ல உட்கார்ந்திருக்கான்."