அரையடி மரியாதை

கரையாம்புத்தூர்,
தை 5.

மரியாதைக்குரிய மச்சான் கனகராஜ் அவர்களுக்கு, மணவாளன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், பிள்ளைகள், கரும்பு எல்லாரும் சுகம். தங்கள் குடும்பமும் உரக்கடையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். தங்கள் தங்கை விசாலாட்சியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். என்னிடம் பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காரணம் தாங்கள் அறிந்ததே. வைகாசியில் நடந்த என் மூத்த மகள் கீர்த்திகாவின் கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டும் படத்தில், பெண்ணுக்குப் பின்னால் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை நிற்கிறது. எடுத்தவன் என் அக்கா மகன் பிரேம். ஆகவே தாங்கள் திருக்கனூரிலிருந்து போனில், “உன் வூட்டுக்காரரு ஆளை வெச்சே என்னை அழிச்சிட்டாரும்மா” என்று தங்கையிடம் சொன்னீர்கள். அதன்பின் இந்தப் பக்கம் வரவில்லை. வரும் ஞாயிறு கீர்த்திகாவுக்கு வளைகாப்பு. முதல் வளையல் தாய்மாமன் வீட்டு வளையல். தாங்கள் வராவிட்டால் தானும் பந்தலுக்கு வருவதில்லை என்று விசாலாட்சி பிள்ளைகள் மூலம் எனக்கு அறிவித்துவிட்டாள். எனவே நடந்தது சதியல்ல, சென்சார் என்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்சார் என்பது கேமராவுக்குள் படம் விழும் தகடாம். போனில் அது சுண்டுவிரல் நகத்தில் பாதி, பிரேமின் கேமராவில் பெரிய தபால்தலை அளவு. தகடு பெரிதானால் அதே ஆளை அதே அளவுக்கு அடக்க நீளமான லென்ஸ் வேண்டும், அதன் வாயும் அகலம், அதனால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும் என்கிறான். நான் நம்பவில்லை. களத்தில் அடிக்கு ஒன்றாகப் பத்துக் கரும்பை நட்டு எடுக்கச் சொன்னேன். போனில் பத்தையும் எண்ண முடிந்தது. பெரிய கேமராவில் மூன்றாவது கரும்பு மட்டும் கணுக்கணுவாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் பாயசம். மூன்றாவது கரும்பு என் பங்காளியல்ல, மற்ற ஒன்பதோடும் எனக்குப் பகையில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். “எல்லாரும் தெரியணும்னா லென்ஸ் வாயைச் சுருக்கி எடுத்திருக்கணும் மாமா, மண்டபத்துல வெளிச்சம் பத்தல” என்றான் பிரேம். ஆக, விலை ஏற ஏறக் குறைவான சொந்தக்காரர்கள் தெரிவதுதான் நல்ல கேமரா. அன்றைக்கு அதனிடம் இருந்த தெளிவு அரையடிதான்; அந்த அரையடி மரியாதையைப் பெண்ணும் மாப்பிள்ளையுமே தீர்த்துவிட்டார்கள், ஒன்றரை அடி பின்னால் நின்ற தங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? இதையெல்லாம் படத்தோடு விளக்கியதும், எட்டு மாதத்தில் முதன்முறையாக விசாலாட்சி என்னிடம் நேரடியாகப் பேசினாள்: “கரும்புக்கு ரோஷம் இல்ல. எங்கண்ணனுக்கு இருக்குது.”

ஆகவே மச்சான், பிரேம் சார்பிலும், சென்சார் சார்பிலும், அந்த மண்டபத்து விளக்குகள் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் செல்வகுமாரி அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எல்லா நலனும் சேரட்டும்.

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
மணவாளன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது, என் இளைய மகள் கல்பனா, தாலி கட்டிய அதே நேரத்தில் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். சிறிய சென்சார், மண்டபத்தின் கடைசி வரை பளிச்சென்று தெரிகிறது. பெண்ணுக்குப் பின்னால் அட்சதையோடு நிற்பவர், பந்தியைத் தொடரலாமா என்று கேட்க வந்த சமையல்காரர் சிங்காரவேலு. அவருக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவு வழியே சாப்பாட்டுக் கூடம். அங்கே முதல் பந்தியில், இலைக்கு முன்னால், கையில் வடையோடு தாங்கள். எட்டு மாதமாக நாங்கள் சிங்காரவேலுவுக்காகத் தங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். தாங்களும் பெருந்தன்மையாக அதை மறுத்து வந்திருக்கிறீர்கள். படத்தை விசாலாட்சிக்கு இன்னும் காட்டவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள். பந்தி பதினொரு மணிக்குத்தான்.